எஞ்சின் வேலைக்குப் பிறகு பம்ப் டைமிங்: பழைய மாஸி 1035 அனுபவம்

பழைய டிராக்டரின் எஞ்சினைப் பிரித்து லைனர், பிஸ்டன், ரிங்கு, பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டுக் கட்டுகிறோம். செலவு கையைக் கடிக்கிறது. கடைசியில் டீசல் பம்பை மாட்டும்போது மட்டும், ஃபிளாஞ்சில் (பம்பை எஞ்சினோடு சேர்க்கும் விளிம்பில்) யாரோ எப்போதோ வெட்டி வைத்த உளி மார்க்கைப் பார்த்து, அதற்கு நேராக வைத்து மூன்று நட்டை முடுக்கிவிடுகிறோம். ஸ்டார்ட் ஆனால் வேலை முடிந்தது என்று பேனட்டை மூடிவிடுகிறோம். அந்த எஞ்சின் சேற்றில் இழுக்குமா, கொதிக்குமா, எத்தனை வருஷம் உழைக்கும் என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த மூன்று நட்டின் கையில்தான் இருக்கிறது. எங்கள் வண்டிக்கு டைமிங், அதாவது பம்ப் டீசலைத் தள்ளும் நேரம், வைத்த அனுபவத்தை விரிவாக எழுதக் காரணம் இதுதான்.

வண்டி மாஸி ஃபெர்குசன் 1035. அதைத் தயாரித்த டாஃபே 1960-ல் சென்னையில் தொடங்கிய நிறுவனம்; இந்த வண்டிக்கு எஞ்சின் சிம்சன். பெர்கின்ஸ் வடிவமைப்பில் வந்த 3 சிலிண்டர், ஏறக்குறைய 2400 சிசி, ஸ்ட்ரோக் 127 மி.மீ. டெல்டாவில் இந்த வண்டியைத் தெரியாத கிராமம் இருக்காது. எடை குறைவு, கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புச் சக்கரம்) போட்டுச் சேடை, அதாவது சேற்றுழவு, ஓட்ட வசதி, உதிரிபாகம் எல்லா ஊரிலும் கிடைக்கும். எங்கள் வண்டி உறவுக்காரர் ஒருவரிடம் வாங்கியது. பிரீதரில் (எஞ்சினின் உள்காற்று வெளியேறும் குழாயில்) புகை தள்ளி, ஆயில் குடிக்க ஆரம்பித்ததும், மேட்டூர் திறக்கும் ஜூன் 12-க்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று கோடையிலேயே எஞ்சினை இறக்கினோம். எஞ்சின் கட்டிய வேலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நல்ல லேத், நல்ல மெக்கானிக் அண்ணன், சுத்தமான கை. அது சரியாகவே நடந்தது.

டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. பம்ப் டீசலை எப்போது நாசிலுக்கு (சிலிண்டருக்குள் பீய்ச்சும் முனைக்கு) தள்ளுகிறதோ அதுதான் தீ வைக்கும் நேரம். உள்ளே பீய்ச்சிய டீசல் அந்தக் கணமே பற்றாது. சூடான காற்றில் கலந்து ஆவியாகிப் பற்ற ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போல நேரம் எடுக்கும். எஞ்சின் 2000 ஆர்பிஎம்மில் ஓடும்போது அதற்குள் கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) ஏறக்குறைய 12 டிகிரி சுற்றிவிடும். அதனால்தான் பிஸ்டன் உச்சிக்கு, அதாவது டிடிசிக்கு வருவதற்கு முன்பே பம்ப் டீசலைத் தள்ள ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. எத்தனை டிகிரி முன்பு என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். பழைய டிராக்டர் எஞ்சின்களில் பெரும்பாலும் 18 முதல் 26 டிகிரிக்குள் இருக்கும். உங்கள் எஞ்சின் நம்பருக்கும் பம்ப் பிளேட்டில் உள்ள நம்பருக்கும் மேனுவல் என்ன சொல்கிறதோ அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பக்கத்துத் தோட்டத்து வண்டியின் அளவு உதவாது. அதே மாடலில் இன்லைன் பம்ப் வண்டியும் ரோட்டரி பம்ப் வண்டியும் இருந்தால் இரண்டுக்கும் அளவும் வேறு, வைக்கும் முறையும் வேறு. எங்களுடையதில் இருப்பது மைக்கோ இன்லைன் பம்ப்; சிலிண்டருக்கு ஒன்றாக டீசல் தள்ளும் பிளஞ்சர்கள் வரிசையாக இருக்கும் வகை. கீழே எழுதுவது அதற்கானது.

பம்பைத் தஞ்சாவூரில் காலிபிரேஷன் (டீசல் அளவைச் சோதித்துச் சரிசெய்தல்) செய்து வாங்கி வந்தோம். மாட்டும்போது அண்ணன் ஃபிளாஞ்ச் மார்க்கைத் துடைத்துக் காட்டினார்.

“தம்பி, மார்க்கு சுத்தமா இருக்கு. இதுல வச்சா ஓடிரும்.”

“ஓடும்ண்ணே. சேத்துல இழுக்கணுமே.”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “சரி, சொட்டு பாத்துருவோம்” என்றார். பம்பில் டீசல் சொட்டுவது நிற்கும் இடத்தை வைத்து டைமிங் பார்க்கும் முறை அது. எனக்கு அந்த மார்க்கில் நம்பிக்கை வராததற்குக் காரணம் உண்டு. வண்டியை எங்களுக்கு விற்றவர், நடுவில் ஒரு முறை பம்ப் மாற்றியதாகப் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். எஞ்சின் பக்கம் இருந்த கோடு பழைய பம்புக்குப் பார்த்து வெட்டியது. இப்போது இருக்கும் பம்பின் கோடு வேறு ஏதோ வண்டியில் இருந்தபோது வெட்டியது. இரண்டு கோடும் நேராக நின்றால் அதற்கு என்ன அர்த்தம்? ஒன்றும் இல்லை. பம்ப் மாறாத வண்டியிலும், காலிபிரேஷனில் பம்புக்குள் பிளஞ்சரைத் தூக்கும் டேப்பட்டின் உயரத்தைச் சரிசெய்திருந்தால் டீசல் தள்ளத் தொடங்கும் இடம் கொஞ்சம் நகரும். கியர் பல் தேய்ந்திருந்தாலும் நகரும். அதனால் எஞ்சின் வேலைக்குப் பிறகு மார்க்கை ஆரம்பப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் டைமிங் கியர். கிராங்க் கியர், நடுவில் ஐட்லர், கேம் கியர், பம்ப் கியர். ஒவ்வொன்றிலும் புள்ளியோ கோடோ இருக்கும். முன்மூடியைப் போடுவதற்கு முன்பே எல்லாம் ஒன்றுக்கொன்று நேராக இருப்பதை வெளிச்சத்தில் பார்த்து, கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எஞ்சினை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தால் ஐட்லரின் புள்ளிகள் நேராக வராது. பலர் இங்கேதான் பதறிப்போய் கியரைக் கழற்றுகிறார்கள். ஐட்லரின் பற்களின் எண்ணிக்கை மற்ற கியர்களோடு ஒத்துப்போகாததால், பல சுற்றுக்குப் பிறகுதான் அந்தப் புள்ளிகள் மறுபடி சேரும். கட்டும்போது ஒரு முறை நேராக இருந்தால் போதும். ஒரு பல் தப்பினால் டைமிங் பல டிகிரி போய்விடும். ஃபிளாஞ்ச் துளையில் உள்ள இடத்தை வைத்து அதைச் சரிக்கட்ட முடியாது.

அடுத்தது நம்பர் 1 சிலிண்டரின் கம்ப்ரஷன் டிடிசி, அதாவது காற்றை அழுத்தி பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம். 4 சிலிண்டர் வண்டிகளில் பழகிய கைகளுக்கு ஒரு சுலப வழி தெரியும்: 4-வது சிலிண்டரின் இரண்டு வால்வும் ஒன்று மூடி ஒன்று திறக்கும்போது, 1-வது சிலிண்டர் கம்ப்ரஷன் உச்சியில் இருக்கும். உதவிக்கு வந்த பையன் அதே கணக்கில் எங்கள் வண்டியில் 3-வது சிலிண்டரின் வால்வைப் பார்த்துக்கொண்டிருந்தான். 3 சிலிண்டரில் அது நடக்காது. ஃபயரிங் ஆர்டர் 1-2-3. ஒவ்வொரு வெடிப்புக்கும் நடுவில் 240 டிகிரி. 1-வது சிலிண்டர் உச்சியில் நிற்கும்போது மற்ற இரண்டு பிஸ்டனும் எங்கோ நடுவழியில் நிற்கும். அதனால் 1-வது சிலிண்டரின் சொந்த வால்வுகளையே பார்க்க வேண்டும். இன்லெட் வால்வு திறந்து, மூடி, ராக்கர் (வால்வை அழுத்தும் கை) தளர்ந்ததும் பிஸ்டன் மேலே வருகிறது. உச்சியில் இரண்டு ராக்கரும் ஆடும். எக்ஸாஸ்ட் முடிந்து இன்லெட் தொடங்கும் உச்சியை எடுத்துவிட்டால் ஒரு முழுச் சுற்று, 360 டிகிரி தப்பு. அப்படி வைத்தால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது.

உச்சி எது என்று கண்டுபிடிப்பதில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன், அது வீண் போகவில்லை. பிஸ்டன் உச்சிக்கு அருகில் வரும்போது கிராங்க் சுற்றினாலும் அது ஏறக்குறைய நின்றேவிடும். 127 மி.மீ. ஸ்ட்ரோக்கில், டிடிசிக்கு 5 டிகிரி முன்னாலோ பின்னாலோ பிஸ்டன் உச்சியிலிருந்து இறங்கியிருப்பது 0.3 மி.மீ. மட்டுமே. விரலாலோ கண்ணாலோ அதை உணர முடியாது. “இதான் உச்சி” என்று கைப்பழக்கத்தில் சொல்லும் இடம் 5 டிகிரி தள்ளி இருக்கலாம். அங்கேயே 5 டிகிரி போய்விட்டால், பிறகு பம்பில் அரை டிகிரிக்கு மல்லுக்கட்டி என்ன பயன்?

நாங்கள் செய்தது இப்படி. பிஸ்டன் மேலே இருக்கும் நிலையில் நம்பர் 1 சிலிண்டரின் ஒரு வால்வு ஸ்பிரிங்கைக் கழற்றி, வால்வைப் பிஸ்டன் தலையில் உட்கார வைத்தோம். வால்வு உள்ளே விழுந்துவிடாமல் இருக்கத் தண்டில் இறுக்கமான ரப்பர் ஓ-ரிங் ஒன்றைப் போட்டோம். அந்த வால்வு இறங்கியிருக்கும் வரை கிராங்கை உச்சியின் இருபுறமும் கொஞ்சம் மட்டுமே ஆட்ட வேண்டும்; முழுச் சுற்றுச் சுற்றக் கூடாது. வால்வுத் தண்டின் முனையில் டயல் கேஜை (நுண்ணிய நகர்வை முள்ளில் காட்டும் கருவியை) வைத்தோம். மெதுவாகச் சுற்றினால் முள் ஏறி, நின்று, இறங்கும். முள் நிற்கும் இடத்தை நாங்கள் மார்க் செய்யவில்லை. உச்சிக்கு 2 மி.மீ. கீழே இருக்கும்போது ஏறும் பக்கம் கிராங்கின் முன்முனைக் கப்பியில் ஒரு கோடு. உச்சியைத் தாண்டி அதே 2 மி.மீ. இறங்கியதும் இன்னொரு கோடு. அந்த இரண்டு கோட்டுக்கும் சரியான நடு எதுவோ அதுதான் டிடிசி. 2 மி.மீ. இறக்கத்தில் பிஸ்டன் நன்றாக நகர்ந்துகொண்டிருப்பதால் கேஜ் துல்லியமாகக் காட்டும். டயல் கேஜ் சொந்தமாக வேண்டியதில்லை, எந்த லேத்திலும் ஒரு மணி நேரத்துக்குக் கேட்டால் கொடுப்பார்கள்.

டிகிரியைக் கப்பியில் எழுத ஒரு சின்னக் கணக்கு. கப்பியின் விட்டம் 180 மி.மீ. என்றால் சுற்றளவு 565 மி.மீ.; அதை 360-ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு 1.57 மி.மீ. 22 டிகிரி வேண்டுமென்றால் டிடிசி கோட்டிலிருந்து 34.5 மி.மீ. காகிதப் பட்டையில் அளந்து வெட்டி, கப்பியின் விளிம்பில் ஒட்டி, ஒவ்வொரு டிகிரிக்கும் பேனாவால் கோடு போட்டோம். உங்கள் கப்பியை அளந்து உங்கள் கணக்கைப் போடுங்கள். ஃபிளைவீலில் மார்க் தெரிந்தால் அதையும் இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கப்பியில் அம்பு போல நிற்கும் முள்ளாக வளைத்த கம்பி ஒன்றை முன்மூடி போல்ட்டில் மாட்டினோம். அளந்து முடிக்கும் வரை அந்தக் கம்பியை யாரும் தொடக் கூடாது.

இப்போது சொட்டு. பம்பின் நம்பர் 1 எலிமென்ட் (1-வது சிலிண்டருக்கான பிளஞ்சரும் அது ஓடும் பேரலும்) கியர் பக்கம் இருப்பது. அதன் மேலே டீசல் வெளியேறும் டெலிவரி வால்வின் ஹோல்டரைக் கழற்றி, உள்ளே இருக்கும் வால்வையும் ஸ்பிரிங்கையும் மட்டும் எடுத்துச் சுத்தமான டீசல் கிண்ணத்தில் போட்டு மூடி வைக்க வேண்டும். வால்வு அதனதன் சீட்டோடு சேர்த்துத் தேய்த்துப் பொருத்தியது. ஒன்றை இன்னொன்றில் மாற்றிப் போடக் கூடாது. சீட் அப்படியே இருக்கட்டும். ஹோல்டரைத் திரும்பப் பூட்டி, அதன் தலையில் வாத்துக் கழுத்து போல வளைந்த சின்னக் குழாயை மாட்டினோம். பழைய நாசில் பைப் ஒன்றை வெட்டி வளைத்தாலே போதும். ஸ்டாப் வயர் உள்ளே தள்ளியிருக்க வேண்டும், ஆக்சிலேட்டர் முழுதாக இருக்க வேண்டும். ஸ்டாப் நிலையில் பிளஞ்சரின் பள்ளம் துவாரத்துக்கு நேராக நிற்கும். துவாரம் மூடவே மூடாது, டீசலும் நிற்காது. இதைக் கவனிக்காமல் மணிக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

டேங்க் பம்புக்கு மேலே இருப்பதால் டீசல் தானாகவே வளைந்த குழாய் வழியாக ஓடியது. ஒரு ஆள் கிராங்க் நட்டில் நீளமான ஸ்பேனர் போட்டு எஞ்சின் சுற்றும் திசையிலேயே மெல்ல அழுத்தினார். நான் குழாயின் முனையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கம்பி போல ஓடிய டீசல் மெலிந்து நூலானது, பிறகு துண்டு துண்டாகி, சொட்டாக மாறியது. ஸ்பேனரில் மிகச் சிறிய தள்ளல். ஒரு சொட்டு குழாய் முனையில் திரண்டு, பருத்து, விழாமல் தொங்கியது. பத்துப் பதினைந்து நொடிக்கு ஒரு சொட்டு என்ற நிலை வந்ததும் “நிறுத்துண்ணே” என்றேன். அந்த இடத்தில்தான் பிளஞ்சர் துவாரத்தை மூடுகிறது. டீசல் தள்ளத் தொடங்கும் புள்ளி அதுதான்.

கப்பியைப் பார்த்தோம். மார்க் சொன்னபடி வைத்த பம்ப், மேனுவல் சொன்ன அளவைவிட சுமார் 6 டிகிரி தாமதமாக நின்றது. அண்ணன் நம்பவில்லை. கால் சுற்றுப் பின்னால் கொண்டுபோய் மறுபடி சுற்றி வந்தோம். அதே இடம். பின்னால் போனால் கால் சுற்றாவது போய்த்தான் திரும்பி வர வேண்டும். கொஞ்சம் தாண்டிவிட்டது என்று அப்படியே பின்பக்கம் இழுத்தால் கியர் பல்லின் இடைவெளி அளவைக் கெடுத்துவிடும். திரும்பத் திரும்பச் செய்தபோதும் அரை டிகிரிக்குள்ளேயே நின்றது. அதற்குப் பிறகுதான் நட்டில் கை வைத்தோம்.

பம்பைத் திருப்பும் திசையை மனப்பாடம் செய்ய வேண்டாம், யோசித்தாலே தெரியும். பம்பின் உள்ளே கேம் எந்தத் திசையில் சுற்றுகிறதோ அதற்கு எதிராக உடலைத் திருப்பினால் கேம் சீக்கிரம் பிளஞ்சரைத் தூக்கும்: அட்வான்ஸ். சுற்றும் திசையிலேயே திருப்பினால் தாமதமாகத் தூக்கும்: ரிடார்ட். பம்ப் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், கிராங்கில் 6 டிகிரி என்பது பம்பில் 3 டிகிரி. ஃபிளாஞ்சில் அது இரண்டரை மி.மீ. போலத்தான் இருந்தது. ஒரு உளிக் கோட்டின் தடிமனே அரை மி.மீ. இருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். திருப்பும்போது நாசில் பைப்புகள் தளர்வாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பைப் பம்பைப் பழைய இடத்துக்கே இழுக்கும். நட்டை முடுக்கிய பிறகு மறுபடி சொட்டுப் பார்த்தோம். முடுக்கும்போதே பம்ப் கொஞ்சம் நகர்வது வழக்கம், அதைச் சரிசெய்து இன்னொரு முறை பார்த்தோம்.

பிறகு டெலிவரி வால்வைப் போட்டு ஹோல்டரை டார்க் ரெஞ்சில் மேனுவல் அளவுக்கு முடுக்கினோம். பலத்தைக் காட்டி முடுக்கினால் பேரல் நெளிந்து பிளஞ்சர் பிடிக்கும், ரேக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு) இறுகும். ரேக் இறுகினால் எஞ்சின் அடங்காமல் ஓடிவிடும் அபாயம் உண்டு. அதனால் முடுக்கியதும் ஆக்சிலேட்டர் லீவரை ஆட்டி, ரேக் தடையில்லாமல் போய் வருகிறதா என்று பார்ப்பது கட்டாயம். ஏர் எடுப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்: முதலில் ஃபில்டர், அடுத்து பம்ப், கடைசியாக நாசில் நட்டுகள். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நாசில் பீய்ச்சுவதைக் கையை நீட்டிப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகிக் கையையே இழக்க நேரலாம். அப்படி நடந்தால் வலிக்கவில்லை என்றாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், என்ன நடந்தது என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

டைமிங் தப்பினால் எஞ்சின் என்ன காட்டும்? ரிடார்ட் ஆக இருந்தால் காலையில் கண் எரியும் வெள்ளைப் புகை நீண்ட நேரம் வரும், லோடில் கரும்புகை வரும், சைலன்சர் அளவுக்கு மீறிச் சுடும், தண்ணீர் கொதிக்கும், இழுவை இருக்காது. அட்வான்ஸ் ஆக இருந்தால் சுத்தியல் அடிப்பது போல ‘டக் டக்’ என்று கடினமான சத்தம் வரும். இழுவை நன்றாக இருப்பது போலத் தோன்றும், ஆனால் ஹெட் கேஸ்கெட்டும் பேரிங்கும் பிஸ்டனும் அடி வாங்கும். சிலர் சத்தம் கேட்டே வைக்கிறார்கள். ‘கொஞ்சம் கரகரன்னு இருந்தாத்தான் இழுக்கும்’ என்று அட்வான்ஸ் பக்கம் தள்ளிவிடுகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. புது ரிங்கும் புது பேரிங்கும் போட்ட எஞ்சினில் அப்படிச் செய்வது முதல் மணியிலிருந்தே அதை அடிப்பதற்குச் சமம்.

வெள்ளைப் புகை வந்தாலே டைமிங் என்று முடிவுகட்டவும் கூடாது. எஞ்சின் கட்டிய புதிதில் ரிங்கு இன்னும் லைனரில் படிந்திருக்காது, கம்ப்ரஷன் குறைவாக இருக்கும், லைனில் காற்று மிச்சம் இருக்கும், ஒரு நாசில் சொட்டிக்கொண்டிருக்கலாம். எல்லாமே வெள்ளைப் புகைதான் தரும். நீலப் புகை ஆயில் எரிவது. புது எஞ்சினில் ரிங்கு படியும் வரை கொஞ்சம் வரும். சொட்டுப் பார்த்து டைமிங்கை உறுதி செய்திருந்தால் இந்தக் குழப்பத்தில் ஒரு சந்தேகம் தீர்ந்துவிடுகிறது. புகை வந்தால் நேராக நாசிலையோ காற்றையோ பார்க்கலாம், பம்பை மறுபடி மறுபடி ஆட்ட வேண்டியதில்லை.

எங்கள் வண்டி முதல் முயற்சியிலேயே பிடித்தது. கொஞ்ச நேரம் வெள்ளையாக ஊதி, சூடானதும் புகை நின்றது. சத்தம் முன்பைவிட மென்மையாக இருந்தது. அண்ணன் காதைத் திருப்பிக்கொண்டு மூன்று சிலிண்டரும் ஒரே மாதிரி அடிக்கிறதா என்று உற்றுக் கேட்டார். பிறகு இறுக்கம் விட, சில நாள் டிரெய்லரில் லேசான சுமையோடு ஓட்டினோம். புது எஞ்சினைச் சும்மா ஐட்லிங்கில் மணிக்கணக்காக ஓட விடுவதும் நல்லதல்ல, எடுத்த எடுப்பில் சேற்றில் இறக்குவதும் நல்லதல்ல. அதற்குப் பிறகு ஹெட் போல்ட்டை மறுபடி டார்க் பார்த்து, வால்வுகளின் டேப்பட் இடைவெளி வைத்து, ஆயில் மாற்றினோம்.

கேஜ் வீல் போட்டுச் சேடை ஓட்டும்போதுதான் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. எஞ்சின் இறக்குவதற்கு முன்பெல்லாம் வரப்போரம் திரும்பும்போது ஆர்பிஎம் இறங்கிக் கரும்புகை தள்ளும், ஒரு கியர் குறைக்க வேண்டும். இப்போது அதே கியரில் திரும்புகிறது, தண்ணீர் முள் நடுவிலேயே நிற்கிறது. இதில் புது லைனர் பிஸ்டனின் பங்கும் உண்டு. எவ்வளவு அதனால், எவ்வளவு டைமிங்கால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் 6 டிகிரி தாமதத்தோடு அதே புது எஞ்சினைச் சேற்றில் இறக்கியிருந்தால் ‘வேலை சரியில்லை’ என்று மறுபடி பிரித்திருப்போம்.

பம்ப் நின்ற புது இடத்தில் ஃபிளாஞ்சிலும் எஞ்சினிலும் சேர்த்து மெல்லிய கோடு ஒன்று வெட்டி, பழைய உளி மார்க்குகளை அரத்தால் தேய்த்துவிட்டோம். இல்லாவிட்டால் அடுத்து கை வைக்கிறவருக்கு எந்தக் கோடு உண்மை என்று தெரியாது. பேனட்டின் உள்பக்கம் பெயின்டில் பம்ப் நம்பரையும் வைத்த டிகிரியையும் தேதியையும் எழுதியிருக்கிறோம். பம்பை இனி எப்போது காலிபிரேஷனுக்குக் கழற்றினாலும் அந்தக் கோட்டில் மாட்டிவிட்டு, மறுபடியும் ஒரு முறை சொட்டுப் பார்த்தாக வேண்டும். அதற்காகவே வளைத்த அந்தக் குழாயை டூல்ஸ் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறோம்.